ஒரே பக்கம், ஆயிரம் முகவரி: யுஆர்எல்லில் செஷன் ஐடி நுழைந்தால் தேடுபொறி என்ன செய்யும்?

உங்கள் தளத்தில் 300 பக்கங்கள்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்தால் பல்லாயிரம் யுஆர்எல்கள் (பக்க முகவரிகள்) வரிசை கட்டி நிற்கின்றன, பெரும்பாலும் 'டூப்ளிகேட்' என்ற தலைப்பின் கீழ். நாலைந்தைத் திறந்து பார்த்தால் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த அதே பக்கங்கள்தான். யுஆர்எல்லின் வாலில் மட்டும் நீளமாக ஒரு எண்ணெழுத்துக் கோவை, ஒவ்வொன்றிலும் வேறு வேறாகத் தொங்குகிறது. பழைய மென்பொருளில் ஓடும் ஆன்லைன் கடைகளிலும் ஃபோரங்களிலும் இதை இன்றும் பார்க்கலாம். அந்த வால்தான் செஷன் ஐடி. அது எங்கிருந்து வருகிறது, ஏன் தேடுபொறியை அலைக்கழிக்கிறது, எப்படி நிறுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செஷன் எதற்கு?

இணையத்தின் அடிப்படையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்கிறீர்கள், சர்வர் அனுப்புகிறது, அத்தோடு முடிந்தது. அடுத்த நொடியே இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், முன்பு வந்தவர்தான் இவர் என்று சர்வருக்குத் தெரியாது. வெறுமனே படித்துவிட்டுப் போவதற்கு இது போதும். ஆனால் கூடையில் ஒரு புத்தகத்தைப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால் கூடை காலியாகிவிடக் கூடாது இல்லையா? அதனால் முதல் தடவை வருபவருக்கு சர்வர் ஒரு எண்ணைக் கொடுத்து, அவருடைய விவரங்களை அந்த எண்ணின் கீழ் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது. இந்தப் பதிவுதான் செஷன், அந்த எண்தான் செஷன் ஐடி. கோயில் வாசலில் செருப்பை விட்டால் கொடுக்கும் டோக்கன் மாதிரி. டோக்கனை நீட்டினால்தான் எது உங்கள் செருப்பு என்று காப்பவருக்குத் தெரியும்.

இந்த எண்ணை பிரவுசர் எங்கே வைத்துக்கொள்வது? 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுலி உருவாக்கிய குக்கீ இதற்கு ஒரு நல்ல விடை. சர்வர் கொடுத்த எண்ணை பிரவுசர் தன்னிடம் சேமித்து, அந்தத் தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையோடும் தானாகவே சேர்த்து அனுப்பும். யுஆர்எல்லில் எதுவும் மாறாது.

ஆனால் தொடக்க காலத்தில் குக்கீயை ஏற்காத பிரவுசர்கள் இருந்தன. குக்கீ என்றாலே வேவு பார்க்கும் வேலை என்று அணைத்து வைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களை இழக்க மனமில்லாத மென்பொருள்கள் இன்னொரு வழியைக் கையாண்டன: பக்கத்தில் உள்ள ஒவ்வொரு லிங்க்கின் பின்னாலும் செஷன் ஐடியை ஒட்டிவிடுவது. அப்போது எதைச் சொடுக்கினாலும் எண்ணும் கூடவே போகும். தளங்களை எழுதப் பயன்படும் நிரல்மொழியான பிஎச்பி இதைத் தானாகவே செய்யும் வசதியை வைத்திருந்தது. ஜாவாவில் அரைப்புள்ளி போட்டு 'ஜேசெஷன்ஐடி' என்று சேரும். ஏஎஸ்பி.நெட்டிலோ யுஆர்எல்லின் நடுவிலேயே அடைப்புக்குறி போட்டுப் புகுத்தலாம். ஃபோரம் மென்பொருளான பிஎச்பி-பிபியும், கடை மென்பொருளான ஓஎஸ்காமர்ஸும் தங்கள் பங்குக்குத் தாங்களே இதைச் செய்தன.

ஒரு புத்தகக் கடையில் 42-ஆம் எண் நூலின் பக்கம் இப்படி இருக்க வேண்டும்:

/நூல்?எண்=42

செஷன் ஐடி 'சிட்' என்ற பெயரில் ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகிவிடும்:

/நூல்?எண்=42&சிட்=9031774528

நாளை வேறொருவர் வந்தால்:

/நூல்?எண்=42&சிட்=6650182397

நமக்கு மூன்றும் ஒரே நூல். தேடுபொறிக்கு மூன்றும் மூன்று முகவரிகள். அதன் கணக்கில் யுஆர்எல்தான் பக்கத்தின் அடையாளம். ஒரு எழுத்து மாறினாலும் வேறு பக்கமாக இருக்கக்கூடும் என்றுதான் அது எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 42-ஐ 43 ஆக்கினால் உண்மையிலேயே வேறு நூல்தானே வருகிறது! இரண்டில் எது பக்கத்தைக் குறிக்கிறது, எது ஆளைக் குறிக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கும் மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

தளம் நடத்துபவர் கண்ணில் மட்டும் ஏன் படுவதில்லை?

இந்த விஷயத்தில் எல்லோரையும் குழப்புவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். "என் பிரவுசரில் யுஆர்எல் சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்று பலர் கேட்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான்.

நீங்கள் முதல் முறையாக ஒரு தளத்துக்குள் நுழையும்போது, உங்கள் பிரவுசர் குக்கீயை ஏற்குமா ஏற்காதா என்று சர்வருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்துவிடுகிறது: குக்கீயையும் அனுப்புகிறது, அந்தப் பக்கத்தில் உள்ள லிங்க்குகளிலும் ஐடியை ஒட்டுகிறது. நீங்கள் அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது குக்கீ திரும்பி வருகிறது. "சரி, இவர் குக்கீ வைத்துக்கொள்கிறவர்" என்று புரிந்துகொண்டு, அதற்கப்புறம் யுஆர்எல்லில் ஒட்டுவதை நிறுத்திவிடுகிறது. ஆக, வாலோடு இருப்பது முதல் பக்கத்து லிங்க்குகள் மட்டும்தான். தன் தளத்துக்கு தினமும் போய்வருபவரின் பிரவுசரில் எப்போதும் குக்கீ இருக்கும். அவர் அந்த வாலைப் பார்க்கவே மாட்டார்.

கூகுளுக்காகத் தளங்களைச் சுற்றிவந்து படிக்கும் மென்பொருளான கூகுள்பாட்டின் நிலைமை வேறு. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது அது குக்கீயைக் கொண்டுபோவதில்லை. இதை கூகுள் தன் ஆவணங்களிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே சர்வரின் பார்வையில் கூகுள்பாட் ஒவ்வொரு முறையும் புதிதாக வந்த ஆள். அதற்கு எல்லாப் பக்கமும் முதல் பக்கம்தான், எல்லா லிங்க்கிலும் வால்தான்.

இது எப்படிப் பெருகுகிறது என்று பாருங்கள். கூகுள்பாட் முகப்புப் பக்கத்துக்கு வருகிறது, லிங்க்குகளில் ஒரு ஐடி. அந்த லிங்க்குகளைப் பிடித்துப் போனால் உள்ளே உள்ள 300 பக்கங்களும் அதே ஐடியோடு கிடைக்கின்றன. மறுநாள் மறுபடி முகப்புப் பக்கத்துக்கு வருகிறது. இப்போது புது ஐடி. 300 பக்கங்களும் மறுபடி புது முகவரியில். இப்படி 100 முறை வந்தால் 30,000 யுஆர்எல். காலாவதியான ஐடியை ஏற்காமல் உடனே புது ஐடி கொடுக்கும் மென்பொருளாக இருந்தால் இன்னும் வேகமாகப் பெருகும், ஏனென்றால் பழைய யுஆர்எல்லைத் திரும்பப் பார்க்க வருவதே புது யுஆர்எல்களைப் பிறப்பித்துவிடும். பிஎச்பியின் வழக்கமான ஐடிக்கு 32 எழுத்து நீளம், ஒவ்வொரு இடத்திலும் 16 வாய்ப்பு. மொத்தம் எத்தனை ஐடி சாத்தியம் என்று கணக்குப் போட்டால் விடை 39 இலக்க எண். தீரவே தீராது.

இதனால் என்ன நஷ்டம்?

எந்தத் தேடுபொறியும் ஒரு தளத்துக்கு அளவில்லாத நேரம் ஒதுக்காது. கூகுள்பாட் மாதிரி பக்கங்களைப் படித்து வரும் மென்பொருளுக்குக் கிராலர் என்று பெயர்; அது ஒரு தளத்துக்குச் செலவிடும் அளவைக் கூகுள் 'கிரால் பட்ஜெட்' என்கிறது. 2017 ஜனவரியில் கூகுளின் கேரி இலியெஸ் இதைப் பற்றி எழுதியபோது, அந்த பட்ஜெட்டை வீணாக்கும் யுஆர்எல்களை முக்கியத்துவ வரிசையில் அடுக்கினார். நிறம், விலை, அளவு என்று சலித்துக் காட்டும் பக்கங்களோடு சேர்த்து செஷன் ஐடியை முதல் இடத்தில் வைத்தார். சில ஆயிரம் யுஆர்எல் கொண்ட சின்னத் தளங்கள் பட்ஜெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. ஆனால் செஷன் ஐடி புகுந்த சின்னத் தளம், கிராலரின் கண்ணுக்குச் சின்னத் தளமாகவே இருக்காது. நேற்று சேர்த்த புது நூலின் பக்கம் வரிசையில் காத்திருக்கும். பழைய நூலின் ஐம்பதாவது நகலைக் கிராலர் படித்துக்கொண்டிருக்கும்.

கூகுள் ஒரே மாதிரியான பக்கங்களைக் கண்டுபிடித்து, ஒரு குழுவாக்கி, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்து காட்டும் என்பது உண்மை. அதை நம்பி விட்டுவிடலாமா என்றால், கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நகல் என்று தெரிந்துகொள்ளவே ஒருமுறையாவது அதைப் படிக்க வேண்டும். படித்தாலே நேரம் செலவாகிவிடும். அதுவும் போக, அந்தக் குழுவிலிருந்து சுத்தமான யுஆர்எல்லைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வாலோடு இருப்பதையே தேர்ந்து தேடல் முடிவில் காட்டலாம்.

அப்படிக் காட்டினால்தான் பெரிய சிக்கல் ஆரம்பிக்கிறது. தேடல் முடிவில் இருக்கும் அந்த யுஆர்எல்லை ஒரே சமயத்தில் இரண்டு பேர் சொடுக்கினால், இருவரும் ஒரே ஐடியோடு உள்ளே வருகிறார்கள். சர்வருக்கு இருவரும் ஒரே ஆள். ஒருவர் கூடையில் போட்ட புத்தகம் இன்னொருவர் கூடையில் தெரியும். முதலாமவர் லாகின் செய்யும்போது மென்பொருள் ஐடியை மாற்றிக் கொடுக்காவிட்டால், இரண்டாமவருக்கு முதலாமவரின் பெயரும் முகவரியும்கூடத் தெரிய வாய்ப்புண்டு. அந்தப் பழைய ஐடி எப்போதோ காலாவதி ஆகியிருக்குமே என்று நினைக்கலாம். ஆனால் ஐடியை யுஆர்எல்லில் ஏற்கும்படி விடப்பட்ட பிஎச்பி, தனக்குத் தெரியாத ஐடி வந்தாலும் அதை மறுப்பதில்லை. அதே ஐடியில் புதிதாக ஒரு செஷனைத் தொடங்கிவிடும். 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்ற அமைப்பை நாமாக இயக்கினால் ஒழிய இதுதான் அதன் இயல்பு. ஆக, தேடுபொறியின் பட்டியலான இண்டெக்ஸில் ஏறிய ஐடி மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும்.

இதே ஓட்டையைத் தெரிந்தே பயன்படுத்துவதும் உண்டு. ஒருவர் தனக்குத் தெரிந்த ஐடி உள்ள லிங்க்கை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் அதன் வழியாக லாகின் செய்யும்வரை காத்திருந்து, பிறகு அதே ஐடியோடு உங்கள் கணக்குக்குள் நுழைவது. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வாங்க நினைக்கும் புத்தகத்தின் லிங்க்கை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் தன் செஷனையே சேர்த்து அனுப்பிவிடுகிறார். தேடுபொறிக்காகச் செய்யாவிட்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே யுஆர்எல்லிலிருந்து செஷன் ஐடியை எடுத்துவிட வேண்டும்.

உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

பிரவுசரில் குக்கீயை முழுவதுமாக அணைத்துவிட்டு, ஒரு பிரைவேட் விண்டோவில் தளத்தின் முகப்பைத் திறந்து, நாலைந்து லிங்க்குகளைச் சொடுக்குங்கள். முகவரிப் பட்டையில் வால் தோன்றினால் பிரச்சினை இருக்கிறது. டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் 'கர்ல்' கட்டளையால் முகப்புப் பக்கத்தை இரண்டு முறை எடுத்து, இரண்டிலும் உள்ள லிங்க்குகளை ஒப்பிட்டால் போதும். கர்ல் தானாகக் குக்கீ வைத்துக்கொள்ளாது, அதனால் கூகுள்பாட் பார்ப்பதற்கு நெருக்கமாகவே அதுவும் பார்க்கும். யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் லாகில் கூகுள்பாட் கேட்ட யுஆர்எல்களை மட்டும் பிரித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. எந்த வால் எத்தனை நாளாகத் தொங்குகிறது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும்.

சரி செய்வது

பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்கள், "சர்ச் கன்சோலில் யுஆர்எல் பாராமீட்டர் கருவி இருக்கிறதே, அதில் 'சிட்' என்பதைப் புறக்கணி என்று சொல்லிவிடலாமே" என்பார்கள். 2009-இல் வந்த அந்த வசதியை கூகுள் 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டது. இனி வேலை நம் பக்கத்தில்தான். அதுவே சரியானதும்கூட, ஏனென்றால் அந்த வாலைத் தயாரிப்பது நம்முடைய சர்வர். அங்கேயே நிறுத்தினால் மற்ற ஒட்டுவேலைகளில் முக்கால்வாசி தேவைப்படாது.

பிஎச்பியில் மூன்று அமைப்புகளைப் பாருங்கள். 'செஷன்.யூஸ்_ஒன்லி_குக்கீஸ்' 1 ஆக இருக்க வேண்டும், 'செஷன்.யூஸ்_டிரான்ஸ்_சிட்' 0 ஆக இருக்க வேண்டும், 'செஷன்.யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட்' 1 ஆக இருக்க வேண்டும். முதல் இரண்டும் இப்போதைய பிஎச்பியில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும், பிஎச்பி 8.4 முதல், அவற்றை மாற்ற முயன்றால் இது கைவிடப்பட இருக்கிறது என்ற எச்சரிக்கையே வரும். மூன்றாவதைத்தான் நீங்கள் கையால் மாற்ற வேண்டும். முக்கியமான அமைப்புக் கோப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. தளத்தின் ஃபோல்டரில் கிடக்கும் எச்டிஆக்சஸ் கோப்பிலோ, நிரலுக்குள்ளேயோ யாராவது என்றைக்கோ மாற்றி வைத்திருக்கலாம். அங்கேயும் தேடுங்கள்.

ஜாவா தளமென்றால், 2009-இல் வந்த சர்வ்லெட் 3.0 முதல் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் 'டிராக்கிங் மோட்' என்பதைக் குக்கீ என்று எழுதினால் ஜேசெஷன்ஐடி மறைந்துவிடும். ஏஎஸ்பி.நெட்டில் 'குக்கீலெஸ்' அமைப்பை 'யூஸ்குக்கீஸ்' என்று வைக்க வேண்டும். ஓஎஸ்காமர்ஸ் மாதிரி தன் ஐடியைத் தானே ஒட்டும் மென்பொருளுக்கு பிஎச்பி அமைப்பை மட்டும் மாற்றினால் வேலை நடக்காது. அதன் நிர்வாகப் பக்கத்தில் குக்கீயைக் கட்டாயமாக்கும் தெரிவு தனியாக இருக்கிறது, அதை இயக்க வேண்டும்.

அதே ஓஎஸ்காமர்ஸில் 'ஸ்பைடர்களுக்கு செஷன் கொடுக்காதே' என்றும் ஒரு தெரிவு உண்டு. கிராலர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, வருபவர் அதில் இருந்தால் ஐடி கொடுக்காது. பிஎச்பி-பிபியின் மூன்றாம் பதிப்பும் தனக்குத் தெரிந்த பாட்களுக்கு ஐடி ஒட்டாது. பக்கத்தின் உள்ளடக்கம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருப்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் பட்டியலை யார் புதுப்பிப்பது? ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் முதல் எத்தனையோ புதுக் கிராலர்கள் இன்று வலம் வருகின்றன. பழைய பட்டியலுக்கு அவற்றைத் தெரியாது. மனிதர்கள் பகிரும் லிங்க்கில் வால் ஒட்டுவதையும் இது தடுக்காது. எல்லோருக்கும் குக்கீ மட்டும் என்பதே நல்ல முடிவு. குக்கீயை அறவே அணைத்தவர்களால் லாகின் செய்ய முடியாமல் போகும்தான். இன்றைக்கு அவர்களுக்குப் பெரும்பாலான தளங்களில் அதே கதைதான், படிப்பதற்கு எந்தத் தடையும் இருக்காது.

சொல்லப்போனால், படிக்க மட்டும் வருபவருக்குச் செஷனே தேவையில்லை. கூடையில் எதையாவது போடும்போதோ லாகின் செய்யும்போதோ தொடங்கினால் போதும். பிஎச்பி இயல்பாகவே ஒவ்வொரு செஷனுக்கும் சர்வரில் ஒரு கோப்பு எழுதுகிறது. குக்கீ இல்லாத கிராலர் ஒருநாளில் பல ஆயிரம் முறை வந்தால் பல ஆயிரம் வெற்றுக் கோப்புகள் குவியும்.

புது வால் முளைப்பதை நிறுத்திய பிறகு, ஏற்கெனவே இண்டெக்ஸில் இருப்பவற்றைக் கவனிக்க வேண்டும். 'சிட்' உள்ள யுஆர்எல் எது வந்தாலும், அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மீதி யுஆர்எல்லுக்கு 301 ரீடைரக்ட் (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லி அங்கே அனுப்பும் பதில்) கொடுங்கள். 'எண்=42' அப்படியே இருக்க வேண்டும்; கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் எல்லா நூலும் ஒரே பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஃபார்ம் அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகளை இந்த விதியில் சேர்க்காதீர்கள், அனுப்பிய விவரம் தொலைந்துவிடும்.

வரிசை மிக முக்கியம். மூலத்தை நிறுத்தாமல் ரீடைரக்ட்டை மட்டும் போட்டால் விபரீதமாகிவிடும். குக்கீ இல்லாதவரை 'சிட்' உள்ள யுஆர்எல்லுக்கு அனுப்பும் சில மென்பொருள்கள் உண்டு. அது ஒட்ட, உங்கள் விதி வெட்ட, அது மறுபடி ஒட்ட, கூகுள்பாட் நடுவில் மாட்டிக்கொள்ளும். 10 தாவல் வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூகுள்பாட் கைவிட்டுவிடும். பக்கம் பிழைப் பட்டியலில் போய்ச் சேரும். குக்கீ உள்ள உங்கள் பிரவுசரில் எல்லாம் நன்றாகவே தெரியும் என்பதுதான் இதில் கொடுமை.

கேனானிக்கல் டேக் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009 பிப்ரவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்தது. 'இந்தப் பக்கத்தின் அசல் முகவரி இது' என்று பக்கத்தின் தலைப் பகுதியிலேயே எழுதி வைக்கலாம். தேடுபொறிக்கு இது ஒரு குறிப்புதான், கட்டளை அல்ல. கட்டாயம் வையுங்கள், ஆனால் செஷன் ஐடிக்கு இதை மட்டும் நம்பாதீர்கள், நகலைப் படித்தால்தானே குறிப்பே கண்ணில் படும். ஃபேஸ்புக்கிலிருந்து வரும் 'எஃப்பிகிளிட்' மாதிரி வெளியார் ஒட்டி அனுப்பும் வால்களை நம்மால் நிறுத்த முடியாது. அவற்றுக்குக் கேனானிக்கல் மிகப் பொருத்தம். எதற்காக வைத்தாலும் ஒன்றைச் சரிபாருங்கள்: பல மென்பொருள்கள், வந்த யுஆர்எல்லையே அப்படியே எடுத்துக் கேனானிக்கலில் எழுதிவிடும். அதில் 'சிட்' இருந்தால் வாலோடு இருப்பதே அசல் என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும்.

பலர் முதலில் ஓடுவது, எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று கிராலர்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்புக்கு. 'சிட்' உள்ள எதையும் தொடாதே என்று ஒரு வரி எழுதினால் முடிந்ததே என்று தோன்றும். கிராலர் உண்மையிலேயே தொடாது. அதனால் நீங்கள் போட்ட 301-ஐயும் பார்க்காது, கேனானிக்கலையும் படிக்காது. ஏற்கெனவே இண்டெக்ஸில் இருக்கும் யுஆர்எல்கள் உள்ளடக்கம் இல்லாத வெறும் முகவரிகளாக அங்கேயே தங்கிவிடலாம். கிராலர் வரத்தால் சர்வரே திணறும் அவசரத்தில் தற்காலிகமாக மூடலாம். மற்றபடி திறந்தே இருக்கட்டும். யாண்டெக்ஸ் தேடுபொறிக்கு மட்டும் இதே கோப்பில் 'கிளீன்-பாரம்' என்றொரு வரி எழுதி, இந்தத் துண்டைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்ல முடியும். கூகுள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுக் கொடுக்கும் சைட்மேப்பில் சுத்தமான யுஆர்எல்கள் மட்டும் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். தளத்தையே வலம் வந்து சைட்மேப் தயாரிக்கும் கருவிகளும் குக்கீ இல்லாமல் போய், வாலோடு திரும்பி வருவதுண்டு.

இவ்வளவும் செய்தபின் சர்ச் கன்சோலில் எண்ணிக்கை உடனே குறையாது. கூகுள்பாட் பழைய யுஆர்எல்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டு, 301-ஐப் பார்த்துத்தான் நீக்கும். பெரிய குவியலாக இருந்தால் மாதங்கள் ஆகும். 'ரிமூவல்ஸ்' கருவி சுமார் 6 மாதத்துக்கு மறைத்து மட்டுமே வைக்கும் என்பதால் அதைக் கொண்டு இதைத் தீர்க்க முடியாது. ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. நான் அதை எடுக்கவே வேண்டாம் என்பேன், பகிரப்பட்ட பழைய லிங்க்குகள் எங்கெங்கோ கிடக்கும். மாற்றம் செய்யும் அன்றே சர்வரில் உள்ள பழைய செஷன்கள் அனைத்தையும் அழித்துவிடுங்கள். எல்லோரும் ஒருமுறை மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், ஆனால் தேடல் முடிவுகளிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கும் எந்த ஐடியாலும் அதற்குப் பிறகு யாருடைய கணக்கையும் திறக்க முடியாது.